காலமும் கண்ணும்: இந்தியாவில் கண் அவசர மருத்துவத்தின் வரலாறு

முன்னுரை

நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செயற்படுமாறு கற்ற மருத்துவனைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பணிக்கின்றது. பெரும்பாலான நோய்களில் காலம் என்பது நாளாகவும் பருவமாகவும் கணக்கிடப்படும். கண்ணுக்கு நேரும் அவசர நிலைகளிலோ அது நொடியாகவும் நாழிகையாகவும் சுருங்கிவிடுகின்றது. கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் முதற்சில நிமிடங்களும், விழித்திரைக்குக் குருதி கொணரும் நடுத்தமனி அடைபட்டால் முதற்சில மணி நேரமும், அறுவடையின்போது கருவிழி கீறப்பட்டால் முதல் ஒரு நாளும் பார்வையின் விதியை முடிவு செய்கின்றன.

இந்தியாவில் கண் மருத்துவ வரலாற்றை எழுதியோர் பெரிதும் கண்புரை அறுவையையே நடுவாகக் கொண்டனர். சுசுருதர் தொடங்கி இன்றைய கண் முகாம்கள் வரை அவ்வரலாறு விரிவாகப் பேசப்பட்டுள்ளது. கண்புரை காத்திருக்கக்கூடிய நோய். இன்று செய்யாத அறுவையை அடுத்த மாதமும் செய்யலாம். காத்திருக்க இயலாத கண்ணின் வரலாறு தனித்து நோக்கப்படவில்லை. அவசர நிலையில் கண்ணை மதிப்பிடுவதும் காப்பதும் இந்தியச் சூழலில் எவ்வாறு வளர்ந்தன, அவ்வளர்ச்சியில் மருத்துவமனைக்கு வெளியே நிற்கும் ‘முதற்கை’யின் இடம் யாது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பீடும் அதன் விதிவிலக்கும்

கண் அவசர நிலைகளை இன்றைய மருத்துவம் காலத்தின் அடிப்படையிலேயே தரம் பிரிக்கின்றது. வேதிப்பொருட் காயமும் நடுத்தமனி அடைப்பும் உடனடியாகக் கவனிக்கப்பட வேண்டியவை. விழிக்கோளத்தைத் துளைத்த காயம், திடீர்க் கண்ணழுத்த நோய், கண்ணின் உட்பகுதியில் சீழ் பிடித்தல், கண்குழி அழற்சி ஆகியன சில மணி நேரத்திற்குள் மருத்துவரை அடைய வேண்டியவை. கருவிழிப் புண்ணும், நடுப்பார்வைப் பகுதி பிரியாத நிலையிலுள்ள விழித்திரைப் பிரிவும் ஓரிரு நாளுக்கு மேல் காத்திருக்கலாகாதவை.

மதிப்பீட்டிற்கும் ஒரு வரிசைமுறை உண்டு. எது எப்பொழுது நேர்ந்தது என வினவுதல், ஒவ்வொரு கண்ணின் பார்வையளவையும் தனித்தனியே குறித்தல், கண்பாவை ஒளிக்கு இயங்கும் முறையை நோக்குதல், கண்ணசைவை நோக்குதல், பின்னர் கருவிழியையும் உட்பகுதியையும் கருவி கொண்டு ஆராய்தல் என்பன அதன் படிகள். இவ்வரிசைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வேதிப்பொருள் பட்ட கண்ணில் வினவுவதற்கும் நோக்குவதற்கும் முன்னரே கழுவுதல் தொடங்க வேண்டும். துளைபட்ட கண்ணிலோ இதற்கு நேர்மாறான விதி செயற்படுகின்றது. அக்கண்ணைக் கழுவுதலோ அழுத்துதலோ களிம்பிடுதலோ கூடாது. தைத்த பொருளைப் பிடுங்கவும் கூடாது. கண்ணைத் தொடாதவாறு கடினமான மூடி ஒன்றை வைத்து மருத்துவமனைக்கு அனுப்புதலே உரியது. ஒரு கண்ணைக் காக்கும் செயல் மற்றொரு கண்ணைக் கெடுக்கும் என்பதால், கண் அவசர மருத்துவத்தின் உயிர்நிலை மருந்தறிவினும் பகுத்தறியும் அறிவிலேயே அமைந்துள்ளது எனலாம்.

பழைய நூல்களில் கண்காயம்

இப்பகுத்தறிவின் தொன்மையான சான்றுகளுள் ஒன்று சுசுருத சங்கிதையில் காணப்படுகின்றது. அந்நூலின் உத்தரதந்திரப் பகுதி 76 கண்நோய்களை வகைப்படுத்துகின்றது. கண்புரையை ஊசியால் தள்ளும் முறை இப்பகுதியிலேயே கூறப்படுவதால், ஆய்வாளர் பலரின் கவனமும் அங்கேயே நின்றுவிட்டது. இப்பகுதியின் 19ஆம் இயல் கண்ணுக்கு நேரும் அடிபாட்டைப் பற்றிப் பேசுகின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

அவ்வியலில் காயத்தின் ஆழமே முடிவுகூறும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. கண்ணின் ஒரு படலம் மட்டும் காயமுற்றால் தீரும். இரண்டு படலங்கள் காயமுற்றால் அரிதில் தீரும். மூன்று படலங்களும் காயமுற்றால் மருத்துவர் கைவிட வேண்டும் என்பது அதன் கருத்து. மருத்துவன் தன் ஆற்றலின் எல்லையை முதலில் அறிந்துகொள்ளவேண்டும் என்னும் எண்ணம் இதில் தெளிவாகப் புலப்படுகின்றது. குழிக்குள் அமிழ்ந்த கண்ணை மூச்சையடக்கியும் தும்மல் வருவித்தும் மேலெழச் செய்தல், வெளியே பிதுங்கிய கண்ணுக்கு மூச்சை உள்ளிழுக்கச் செய்து தலையில் குளிர்ந்த நீர் வார்த்தல் முதலிய முறைகளும் அங்குக் கூறப்படுகின்றன. மூச்சடக்கத்திற்கும் கண்குழியின் குருதி அழுத்தத்திற்கும் உள்ள தொடர்பை அக்கால மருத்துவர் உற்றுநோக்கியுணர்ந்திருந்தனர் என்பது இவற்றால் அறியப்படுகின்றது. எனினும் இம்முறைகளை இன்று அப்படியே கையாளுதல் பொருந்தாது. விழிக்கோளம் கிழிந்திருக்குமாயின் தும்மலும் மூச்சடக்கமும் உட்பொருளை வெளித்தள்ளிவிடும்.

தமிழ் மரபில் நாகமுனிவர், அகத்தியர் ஆகியோர் பெயரால் வழங்கும் நயனவிதி நூல்கள் கண் மருத்துவத்திற்கென்றே அமைந்தவை. சித்த மருத்துவம் கண்நோய்களை 96 என எண்ணும். உடலின் தத்துவங்களையும் 96 எனக் கொள்ளும் மரபோடு இவ்வெண் ஒத்திருப்பதால், இதனை நேரடி நோக்கின் விளைவாக மட்டும் கொள்வதற்கில்லை. காசம், படலம் போன்ற நோய்ப் பெயர்களும், கலிக்கம், மை, ஒத்தடம் போன்ற மருத்துவ முறைப் பெயர்களும் இம்மரபின் சொல்வளத்தைக் காட்டுகின்றன. கருவிழிப் புண் ஆறியபின் எஞ்சும் வெண்தழும்பை மக்கள் ‘பூ விழுதல்’ என்றனர். புண்ணின் போக்கையும் அதன் மீளா முடிவையும் அவர்கள் கண்டறிந்து பெயரிட்டிருந்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

அவசர நிலையில் மக்கள் எவ்வாறு செயற்பட்டனர் என்பதற்கு மருத்துவ நூல்களைவிட இலக்கியமே சில இடங்களில் தெளிவான சான்று தருகின்றது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இறைவன் திருக்கண்ணில் குருதி பெருகக் கண்ட திண்ணனார், உடனே தம் கண்ணை இடந்து அப்பிவிடவில்லை. முதலில் இதனைச் செய்தவர் எவரெனச் சுற்றும் தேடுகின்றார். பின்னர், அம்பு பட்ட புண்ணுக்கு வேடர் இடும் பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிந்து வார்க்கின்றார். அதுவும் பயன் தராத நிலையிலேயே கண்ணைக் கொடுக்கத் துணிகின்றார். காரணம் நாடுதல், கைவசமுள்ள மருந்தை முயலுதல், இறுதி வழியை மேற்கொள்ளுதல் என்னும் இவ்வரிசை பக்திக் காப்பியத்திற்குள் பொதிந்துள்ள ஒரு மருத்துவ நடைமுறையாகும். காயமுற்ற இடத்தில் அருகிலிருப்பவனே முதல் மருத்துவன், அவன் கையில் இருப்பதே முதல் மருந்து என்னும் உண்மையை இக்காட்சி உணர்த்துகின்றது.

ஏடும் ஓவியமும்: தஞ்சைச் சான்று

மதிப்பிடுதல் ஒரு துறையாக வளர்வதற்குக் குறிப்பெழுதும் பழக்கம் இன்றியமையாதது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் தன்வந்திரி மகாலில் இப்பழக்கம் வேரூன்றியது. அம்மன்னர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் தொகுப்பில் நயன ரோகத்திற்கெனத் தனி நூல் உள்ளது. நோயின் பெயரை மட்டும் கூறும் மரபிலிருந்து, குறிப்பிட்ட ஒரு நோயாளியின் குறிப்பிட்ட ஒரு கண்ணை வரைந்து வைக்கும் மரபுக்கு மருத்துவம் நகர்ந்ததை இச்சான்றுகள் காட்டுகின்றன. நேற்றைய கண்ணோடு இன்றைய கண்ணை ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி, புண் ஆறுகின்றதா பரவுகின்றதா எனத் துணிய இயலாது.

சென்னைக் கண் மருத்துவமனையும் பிந்தி வந்த கண்களும்

ஐரோப்பாவில் கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை தோன்றியதற்கே ஓர் அவசர நிலை காரணமாயிற்று. எகிப்தியப் போரிலிருந்து மீண்ட வீரர்களிடையே பரவிய கண்ணழற்சி பலரின் பார்வையைப் பறித்த சூழலில், 1805இல் இலண்டனில் பின்னாளில் மூர்ஃபீல்ட்ஸ் எனப் பெயர்பெற்ற மருத்துவமனை நிறுவப்பட்டது. அதனையடுத்து 1819இல் சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இராயப்பேட்டையில் தொடங்கிய அது பின்னர் எழும்பூருக்கு மாறி, இன்றளவும் அங்கே இயங்கி வருகின்றது.

19ஆம் நூற்றாண்டில் மதிப்பீட்டுக் கருவிகள் விரைந்து வளர்ந்தன. 1851இல் எல்ம்ஹோல்ட்சு விழித்திரையை நோக்கும் கருவியை வெளியிட்டார். 1857இல் கிரேஃபே, திடீர்க் கண்ணழுத்த நோயில் கதிராளியின் ஒரு பகுதியை அகற்றிப் பார்வையைக் காக்கலாம் என அறிவித்தார். 1884இல் கோல்லர், கொக்கேயின் சொட்டுகளால் கண்ணை மரக்கச் செய்யலாம் எனக் கண்டறிந்தார். காயமுற்ற கண்ணைத் திறந்து பார்ப்பதே பெரும் வேதனையாக இருந்த நிலை அதன்பின் மாறியது.

இவ்வளர்ச்சியின் பயனை இந்தியாவிற்குக் கொணர்ந்தவர்களுள் ஆங்கிலேய மருத்துவர் இராபர்ட் எல்லியட் குறிப்பிடத்தக்கவர். 1904இல் சென்னைக் கண் மருத்துவமனையின் பொறுப்பேற்ற அவர், 1909இல் கருவிழி ஓரத்தில் நுண்துளையிட்டுக் கண்ணழுத்தத்தைக் குறைக்கும் அறுவைமுறையை உருவாக்கினார். சென்னையில் பிறந்த அம்முறை உலகெங்கும் பரவியது. அவரது மற்றொரு பணியே இக்கட்டுரைக்கு நெருங்கிய தொடர்புடையது. ஊர் ஊராகச் சென்று ஊசியால் கண்புரையைத் தள்ளிய நாட்டு வைத்தியர்களிடம் மருத்துவம் பெற்று, பின்னர் மருத்துவமனைக்கு வந்த கண்களை அவர் தொகுத்து ஆராய்ந்தார். அவ்வாய்வு 1917இல் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் சொற்பொழிவாக வழங்கப்பெற்று நூலாகவும் வெளிவந்தது.

ஊசி குத்திய கண்களில் சீழ்பிடித்தலும் உட்கண் அழற்சியும் அழுத்த மிகுதியும் மிகுந்திருந்ததை அவர் பதிவு செய்தார். இவை அனைத்தும் அவசர நிலைகளே. வலி தாங்கவியலாத நிலையில் நோயாளி எழும்பூரை அடைந்தபோது, பல கண்களில் செய்வதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. இங்கு ஒரு சான்றியல் சிக்கலையும் கருத வேண்டும். மருத்துவமனைக்கு வந்தவை பெரும்பாலும் கெட்ட கண்களே. நலமுற்றவை வரவேண்டிய தேவை எழவில்லை. ஆதலின் அத்தொகுப்பைக் கொண்டு நாட்டு முறையின் முழு விளைவையும் அளவிட இயலாது. ஆயினும், முதற்கை தவறியபின் உயர்ந்த கைத்திறனும் பயன்படாது என்பதற்கு அத்தொகுப்பு மறுக்கவியலாத சான்றாகும்.

போபால்: பெருந்திரளின் அவசர நிலை

இந்திய வரலாற்றில் ஒரே இரவில் மிகப் பலருக்குக் கண் அவசர நிலை நேர்ந்த நிகழ்வு போபால் நச்சுவளிக் கசிவாகும். 1984 திசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட்டு என்னும் நச்சுப்பொருள் வெளியேறியது. நுரையீரலைத் தாக்கியே அது உயிர்களைப் பறித்தது என்றாலும், மக்கள் முதலில் உணர்ந்தது கண்ணெரிச்சலையே. மிளகாய் வற்றலைத் தீயிலிட்டாற் போன்ற எரிச்சல் என்றே பலரும் கூறினர். இமைகள் இறுகி மூடிக்கொண்ட நிலையில், திசையறியாது ஓடியோர் பலர்.

விடிவதற்குள் அமீதியா மருத்துவமனையில் நோயாளிகள் வெள்ளமெனக் குவிந்தனர். கண்ணைத் தாக்கிய பொருள் இன்னதெனவோ அதற்குரிய மருத்துவம் இன்னதெனவோ மருத்துவர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை. எது நேர்ந்தது என்னும் மதிப்பீட்டின் முதல் வினாவிற்கே விடை இல்லாத நிலையில், மருத்துவர்கள் நீரால் கழுவுதல், நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு, கண்பாவையை விரிக்கும் சொட்டு ஆகியவற்றைக் கொண்டே செயலாற்றினர். கருவிழியின் மேற்படலம் உரிந்திருந்தாலும், பெரும்பாலோர்க்கு அது சில நாளில் ஆறியது. அன்றைய அச்சத்திற்கு மாறாகப் பெருந்திரளானோர் பார்வையிழக்கவில்லை. எனினும் பின்னர் மேற்கொள்ளப்பட்ட தொடராய்வுகள், நச்சுவளிக்கு ஆட்பட்டோரிடையே நீங்காத கண்ணெரிச்சல், இமைத்தொற்று, கண்புரை, பார்வைக் குறைவு ஆகியன மிகுந்திருந்ததைக் கண்டறிந்தன.

ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுமாறு முன்னரே அறிவுறுத்தியிருந்தால் துன்பத்தின் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும். ஆலையைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களுக்கு அவ்வறிவுரை கிட்டவில்லை. மருத்துவக் கருவியோ மருத்துவர் திறனோ இல்லாமையைவிட, செய்தி இல்லாமையே போபாலில் பெருங்குறையாய் இருந்தது.

சுண்ணாம்பும் அமிலமும்

போபால் ஒரு பேரிடர். சுண்ணாம்புக் காயம் அன்றாட இடர். வெற்றிலையோடும் புகையிலையோடும் சேர்த்து மெல்லும் சுண்ணாம்பு சிறு பிளாத்திக்குப் பொட்டலங்களில் விற்கப்படுகின்றது. பொட்டலத்தைக் குழந்தை அழுத்தும்போது அது வெடித்துக் கண்ணில் பீறிடுகின்றது. 2003இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவன மருத்துவர்கள் ‘இலான்செட்’ இதழில் இப்பொட்டலங்களின் தீங்கை எச்சரித்து எழுதினர். இன்றும் பொட்டலத்தால் நேரும் காயங்கள் நின்றபாடில்லை.

சுண்ணாம்பு காரப்பொருள். அமிலம் பட்ட கண்ணில் புரதங்கள் உறைந்து, மேலும் ஆழமாக ஊடுருவுவதை ஓரளவு தடுக்கும். காரமோ கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே செல்லும். மேலும் சுண்ணாம்புத் துகள்கள் மேலிமையின் அடியில் ஒட்டிக்கொண்டு, நோயாளி மருத்துவமனையில் காத்திருக்கும்போதும் கண்ணை எரித்துக்கொண்டே இருக்கும். ஆகவேதான் இமையைப் புரட்டித் துகள்களை அகற்றுதலும், கண்ணீரின் காரத்தன்மை நடுநிலை அடையும்வரை அரைமணிக்கும் மேலாகக் கழுவுதலும் வேண்டப்படுகின்றன. நீற்றாத சுண்ணாம்பு நீர் பட்டால் கொதிக்கும் என்பது கட்டடத் தொழில் அறிந்தோர்க்குத் தெரிந்ததே. அவ்வறிவு இங்குத் தயக்கத்திற்குக் காரணமாகலாகாது. வெற்றிலைச் சுண்ணாம்பு முன்னரே நீற்றப்பட்டது. எவ்வகை நீராயினும் தூயதாக இருப்பின், வீட்டிலேயே உடனே வார்க்கத் தொடங்குவதே முறை.

முதற்சில நிமிடங்கள் தவறியபின், கருவிழி ஓரத்திலுள்ள மூல உயிரணுக்கள் அழிந்து, இரத்தக் குழாய்கள் படர்ந்து கருவிழி மங்கிவிடும். இந்நிலையைச் சீர்செய்ய, நலமுள்ள மறுகண்ணிலிருந்து சிறு துண்டை எடுத்து நுண்துண்டுகளாக்கி நடும் எளிய முறையை ஐதராபாத்து எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தைச் சார்ந்த வீரேந்தர் சங்குவான் குழுவினர் 2012இல் வெளியிட்டனர். உலக அளவில் ஏற்கப்பட்ட இந்திய முறை அது. ஆயினும் இரு கண்களும் எரிந்தவர்க்கு எடுத்து நட மறுகண் இல்லை.

அமில வீச்சு வழக்குகளில் சட்டமும் காலத்தைக் கருத்தில் கொண்டது. 1989இல் பரமானந்து கட்டாரா வழக்கில், காயமுற்றவர்க்கு உடனடி மருத்துவம் அளிப்பது மருத்துவரின் கடமை எனவும், காவல்துறை நடைமுறை அதற்குத் தடையாகலாகாது எனவும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் இலட்சுமி வழக்கில் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அவ்வாண்டில் திருத்தப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டம், அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் அமில வீச்சுக்கு ஆளானவர்க்கு உடனடியாகவும் கட்டணமின்றியும் முதலுதவியோ மருத்துவமோ அளிக்க வேண்டுமென வகுத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இக்கடமை தொடர்கின்றது.

வயலும் கருவிழியும்

இந்தியச் சூழலுக்கே மிகவும் உரிய கண் அவசர நிலை கருவிழிப் புண்ணாகும். நெல் தூற்றும்போது பறக்கும் உமி, கதிரின் கூர்முனை, கரும்புத் தோகை, மாட்டின் வால், மண்துகள் ஆகியன கருவிழியைக் கீறுகின்றன. கீறல் சிறிது, அதன்வழி நுழையும் பூஞ்சையும் நுண்ணுயிரியும் சில நாளில் கருவிழியையே கரைத்துவிடுகின்றன.

மதுரை அரவிந்து கண் மருத்துவமனையில் 1994இன் முதல் மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1997இல் வெளியாயிற்று. அவர்களுள் 65.4 விழுக்காட்டினர் கண்ணில் காயம் பட்டதைக் கூறினர். நுண்ணுயிரியும் பூஞ்சையும் ஏறத்தாழச் சமஅளவில் நோய்க்குக் காரணமாயிருந்தன. இச்செய்தி மருத்துவ நடைமுறையை நேரடியாகப் பாதிப்பதாகும். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு இடுவது கேட்டை விரைவுபடுத்தும். மருந்துக் கடையில் ‘சிவந்த கண்ணுக்கு’ எனக் கேட்டு வாங்கும் சொட்டில் அதுவே கலந்திருக்கக்கூடும். புண்ணைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே மருந்தைத் துணிதல் வேண்டும் என்னும் மதுரை நடைமுறையின் அடிப்படை இதுவேயாகும். அதே மருத்துவமனையில் நடந்த மற்றோர் ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு போன்றவற்றை முன்னரே கண்ணில் இட்டிருந்தமை அறியப்பட்டது. திண்ணனாரின் பச்சிலை மரபு இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் தொடர்ந்தமை இதனால் விளங்கும். அன்பினால் செய்யப்படும் அச்செயலே சில கண்களில் நோயை விதைத்தது.

இம்முதற்கையை விலக்காமல் பயிற்றுவித்தால் என்ன என்னும் வினாவிற்கு அண்டை நாடான நேபாளம் விடை தந்தது. பக்தபூர் மாவட்டத்தில் ஊர்த் தொண்டர்கள் வாயிலாக, கருவிழி கீறப்பட்டவர்க்கு ஒரு விழுக்காட்டுக் குளோராம்பெனிக்கால் களிம்பு நாள்தோறும் மும்முறை மூன்று நாட்களுக்கு அளிக்கப்பட்டது. 2001இல் வெளியான அவ்வாய்வின்படி, காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் தோன்றவில்லை. 18 முதல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கும், அதற்கும் பிந்தி 48 மணிக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கும் புண் தோன்றியது. மருந்து ஒன்றே, அளித்த கையும் ஒத்ததே, காலம் மட்டுமே வேறுபட்டது.

இம்முடிவை முடிந்த முடிபாகக் கொள்வதும் பொருந்தாது. பக்தபூர் ஆய்வில் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. பின்னர் நேபாளத்திலேயே, ஊர்த் தொண்டர் உள்ள பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வு 2022இல் வெளியாயிற்று. இருவகைப் பகுதிகளிலும் கருவிழிப் புண்ணின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. தொண்டரை நியமிப்பது வேறு. கண் உறுத்திய உழவர் அன்றே வேலையை விட்டுத் தொண்டரிடம் செல்வது வேறு. அறுவடைக் கூலியை இழந்து யாரும் சிறு கீறலுக்காக நடப்பதில்லை. காலம் என்பது மருத்துவ அளவை மட்டுமன்று, வாழ்நிலையின் அளவையுமாகும் என்பதை இம்முரண் நினைவூட்டுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குங்கால் சில முடிவுகள் பெறப்படுகின்றன.

காயத்தின் ஆழம் கொண்டு தீரும், தீராது என வகுத்த சுசுருத மரபு முதல், நோயுற்ற கண்ணை வரைந்து வைத்த தஞ்சை மரபு வரை, மதிப்பிடும் அறிவு இந்திய மருத்துவத்தில் தொடர்ந்து வளர்ந்து வந்துள்ளது. அம்மரபின் மருந்துகள் எல்லாம் இன்று ஏற்கத்தக்கன அல்ல. அதன் பகுத்தறியும் முயற்சி ஏற்கத்தக்கது.

சென்னையில் கண்ணழுத்த அறுவையும் ஐதராபாத்தில் மூல உயிரணு நடவும் தோன்றியமை, கண் மருத்துவத்தில் இந்தியா கொடுக்கும் நாடாகவும் விளங்கியதைக் காட்டுகின்றது. எனினும் இவை இரண்டும் காலம் கடந்தபின் கைகொடுக்கும் திறன்கள். எல்லியட் கண்ட ஊசிபட்ட கண்களும், போபாலில் பெயரறியா நஞ்சு பட்ட கண்களும், உமி கீறிய மதுரை உழவர் கண்களும் ஒரே செய்தியையே கூறுகின்றன. மருத்துவமனையின் வாயிலுக்கு வருவதற்கு முன்னரே பெரும்பாலான கண்களின் விதி எழுதப்பட்டுவிடுகின்றது.

மருத்துவமனைகள் தாம் காத்த கண்களை எண்ணி வைத்துள்ளன. வாயிலை அடையாத கண்களுக்கு ஏடு இல்லை. தாய், பக்கத்து வீட்டார், உடன் அறுப்பவர், மருந்துக் கடைக்காரர் ஆகியோரின் முதற்கை எப்பொழுது நீர் வார்க்க வேண்டும், எப்பொழுது தொடாது நிற்க வேண்டும் என அறிந்திருத்தலே இத்துறையின் எஞ்சிய பணியாகும். அவ்வறிவு அவர்களைச் சென்றடைய வேண்டுமாயின் அது அவர்களின் மொழியிலேயே அமைதல் வேண்டும். ‘பூ விழுதல்’ என நோயின் முடிவுக்குப் பெயரிட்ட மொழியில், அம்முடிவைத் தவிர்க்கும் முதற்சில நிமிடங்களுக்கும் தெளிவான சொற்கள் வழக்கில் வருமாயின், குறள் வகுத்த மூன்றனுள் காலம் கண்ணின் பக்கம் நிற்கும்.